அந்தந்த நாளுக்குப் போதும்: மனரம்மியம் கற்கத் தொடங்குகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பிலிப்பியர் நிருபத்தின் நான்காம் அதிகாரத்தில் பவுல் எழுதிய ஒரு வினைச்சொல்லை நம்பித்தான் இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். “நான் எந்த நிலைமையிலிருந்தாலும் மனரம்மியமாயிருக்கக் கற்றுக்கொண்டேன்” என்கிறார் அவர். மனரம்மியம், அதாவது உள்ளது போதும் என்று நிறைந்திருக்கும் மனம், தமக்குப் பிறவியிலேயே வாய்த்தது என்றோ, தமஸ்குவின் வழியில் ஒளியைக் கண்ட அன்றே மனதில் வந்து இறங்கியது என்றோ அவர் சொல்லவில்லை. கற்றுக்கொண்டேன் என்கிறார். கற்றுக்கொண்ட ஒன்றை மற்றவர்களும் கற்கலாம். கற்பதற்குக் காலம் பிடிக்கும். நடுவில் தவறுகளும் வரும். இப்போதுதான் விசுவாசத்துக்குள் வந்திருப்பவர்களுக்கும், பல ஆண்டுகளாக ஆலயத்துக்குப் போய்வந்தும் மனம் மட்டும் ஓரிடத்தில் நிற்காமல் அலைகிறதே என்று வருந்துகிறவர்களுக்கும் இதைவிட ஆறுதலான செய்தி வேறு எதுவும் எனக்குத் தெரியாது.

பவுல் இதை வசதியாக உட்கார்ந்துகொண்டு எழுதவில்லை. அவர் அப்போது கைதி. பிலிப்பி சபையார் எப்பாப்பிரோதீத்து என்பவரின் கையில் கொடுத்தனுப்பிய உதவிக்கு நன்றி சொல்லும் இடத்தில்தான் இந்த வாக்கியம் வருகிறது. அதே பிலிப்பி நகரத்தில், சில ஆண்டுகளுக்கு முன்னால், அடிபட்ட முதுகோடும் தொழுமரத்தில் மாட்டிய கால்களோடும் நடுராத்திரியில் சீலாவுடன் சேர்ந்து துதித்துப் பாடியவர் அவர். அவர் கற்ற பள்ளிக்கூடம் எது என்பது இதிலிருந்து தெரிகிறது. மனரம்மியம் என்பதற்கு மூல மொழியில் அவர் எழுதிய சொல், அக்காலத்து ஸ்தோயிக்க ஞானிகள் பெரிதாகப் போற்றிய சொல்; யாரையும் எதையும் சாராமல் தன்னில் தானே நிறைந்திருக்கும் நிலையை அவர்கள் அப்படி அழைத்தார்கள். பவுல் அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டு, இரண்டு வசனம் தள்ளி, “என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையும் செய்ய எனக்குப் பெலனுண்டு” என்று அதன் வேரையே மாற்றி நட்டுவிடுகிறார். இந்த வசனத்தை நாம் காலண்டரிலும், பிள்ளைகளின் பரீட்சை அட்டையிலும் அச்சடித்து வைத்திருக்கிறோம். வைப்பதில் தவறில்லை. ஆனால் அங்கே ‘எல்லாவற்றையும்’ என்பது நிறையச் சாப்பிடுவதையும் பட்டினி கிடப்பதையும், வாழ்ந்திருப்பதையும் தாழ்ந்திருப்பதையும் குறிக்கிறது என்பதை அதற்கு முந்தைய வசனத்தைப் படிக்கிற எவரும் காணலாம்.

தொடங்குவதற்கு முன்னால் ஒன்றைத் தெளிவுபடுத்திவிட வேண்டும். போதும் என்ற சொல் வேதத்தில் இரண்டு விதமாக வருகிறது. எபிரெயர் நிருபம், “உங்களுக்கு இருக்கிறவைகள் போதுமென்று எண்ணுங்கள்” என்கிறது. சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்திருந்த எலியா தீர்க்கதரிசியோ, “போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்” என்று வேண்டிக்கொள்கிறார். சொல் ஒன்றுதான், முதலாவது நிறைவிலிருந்து வருகிறது, இரண்டாவது முறிவிலிருந்து வருகிறது. எலியாவுக்குத் தேவன் அந்த நேரத்தில் புத்திமதி எதுவும் சொல்லவில்லை. தூங்க விட்டார், தூதனை அனுப்பித் தட்டி எழுப்பி, தழலில் சுட்ட அடையையும் தண்ணீரையும் கொடுத்தார், மறுபடியும் தூங்க விட்டு, மறுபடியும் சாப்பிட வைத்தார். உங்கள் வாயில் வரும் ‘போதும்’ எலியா சொன்னதைப் போன்றது என்றால், கீழே சொல்லியிருக்கும் படிகளை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். நன்றாகத் தூங்குங்கள், வேளைக்குச் சாப்பிடுங்கள், மனநல மருத்துவரிடம் போங்கள், நம்பிக்கையான ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். இதுவும் தேவன் காட்டிய வழிதான்.

இன்னொன்றும் உண்டு. மனரம்மியம் என்ற பெயரில் அநியாயத்தைச் சகித்துக்கொள்ளும்படி எவரையும் கட்டாயப்படுத்தக் கூடாது. அறுப்பு அறுத்தவர்களுக்குக் கொடுக்காமல் பிடித்து வைத்த கூலி கூக்குரலிடுகிறது என்றும், அந்தக் கூக்குரல் சேனைகளுடைய கர்த்தரின் செவிகளில் எட்டியிருக்கிறது என்றும் யாக்கோபு எழுதுகிறார். எந்த நிலையில் அழைக்கப்பட்டாலும் கவலைப்படாதே என்று அடிமையிடம் சொல்லும் பவுலே, விடுதலையடைய வழி கிடைத்தால் அதை ஏற்றுக்கொள் என்றும் சொல்கிறார். குடித்துவிட்டு வந்து அடிக்கும் கணவனோடு வாழும் பெண்ணிடம் “உள்ளதைக்கொண்டு திருப்தியாயிரும்மா” என்று சொல்கிறவர் வேதத்தைப் பேசவில்லை. அந்தப் பெண்ணைப் பாதுகாப்பான இடத்துக்கு அழைத்துப் போவதுதான் முதலில் செய்ய வேண்டிய காரியம்.

மனம் எந்த நாளில் குடியிருக்கிறது என்று பாருங்கள்

முதல் படிக்கு ஒரு தாளும் பேனாவும் பத்து நிமிட நேரமும் போதும். “… நடந்துவிட்டால் நிம்மதியாகிவிடுவேன்” என்று உங்கள் மனம் சொல்லிக்கொண்டிருக்கும் வாக்கியங்களை எல்லாம் ஒளிவுமறைவில்லாமல் எழுதுங்கள். வேலை நிரந்தரமாகிவிட்டால், மகளுக்கு நல்ல இடத்தில் அமைந்துவிட்டால், வீட்டுக்கடன் அடைந்துவிட்டால், அவர் திருந்திவிட்டால். பெரும்பாலோருக்கு நான்கைந்து வாக்கியங்கள் வரும். அவற்றில் சில பல ஆண்டுகளுக்கு முன்பே நிறைவேறியவையாகவும், நிறைவேறிய பின்னும் சொன்ன நிம்மதி வராமல், வேறொரு வாக்கியம் அந்த இடத்தில் வந்து உட்கார்ந்திருப்பதாகவும் காண்பீர்கள்.

இந்த ஆசைகளை அழிக்கச் சொல்லவில்லை. அவை பெரும்பாலும் நியாயமானவை. தாளைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியையும் சத்தமாக வாசித்து, “அவர் உங்களை விசாரிக்கிறவரானபடியால், உங்கள் கவலைகளையெல்லாம் அவர்மேல் வைத்துவிடுங்கள்” என்ற பேதுருவின் வார்த்தையின்படி ஆண்டவரிடம் ஒப்படையுங்கள். பிறகு எரேமியா 29ஆம் அதிகாரத்தைத் திறந்து முதலிலிருந்து படியுங்கள். அதன் பதினோராம் வசனம் எல்லோருக்கும் தெரியும். நம்பிக்கையான முடிவைத் தருவதாகச் சொல்லும் அந்த வசனம் பலருடைய வீட்டுச் சுவரில் தொங்குகிறது. அதற்கு முந்தைய வசனம் எழுபது வருஷம் என்கிறது. ஐந்தாம் வசனமோ, பாபிலோனில் அந்நியராய்க் கிடந்தவர்களிடம், வீடுகளைக் கட்டிக் குடியிருங்கள், தோட்டங்களை நாட்டி அவற்றின் கனியைச் சாப்பிடுங்கள் என்கிறது. ஊர் திரும்பிய பிறகு வாழ்ந்துகொள்ளலாம் என்று பெட்டியைக் கட்டியபடியே உட்கார்ந்திருந்தவர்களுக்கு எழுதிய கடிதம் அது. உங்கள் தாளில் உள்ள ஒவ்வொரு வரிக்கும் எதிரே, “இது நடக்கும்வரை இங்கே நான் நடக்கூடிய தோட்டம் எது?” என்று எழுதிப் பாருங்கள். நிரந்தரமாகாத வேலையிலும் பக்கத்து மேசைக்காரருக்கு ஒரு காரியத்தைக் கற்றுக்கொடுக்க முடியும். வாடகை வீட்டு மொட்டைமாடியிலும் தொட்டியில் கறிவேப்பிலை வைக்க முடியும்.

காலையில் ஒரு நாளுக்கு மட்டும் கேளுங்கள்

இந்தப் படியில் கொஞ்சம் அதிகமாக நிற்கிறேன். என் அனுபவத்தில் மற்ற எல்லாமே இதைச் சார்ந்துதான் நிற்கின்றன.

யாத்திராகமம் 16ஆம் அதிகாரத்தில் இஸ்ரவேலர் வனாந்தரத்தில், தேவன் வானத்திலிருந்து தந்த ஆகாரமாகிய மன்னாவைப் பொறுக்குகிறார்கள். தலைக்கு ஒரு ஓமர், அதாவது ஏறத்தாழ இரண்டு லிட்டர் அளவு. மிகுதியாய்ச் சேர்த்தவனுக்கு மீதியானதுமில்லை, கொஞ்சமாய்ச் சேர்த்தவனுக்குக் குறைவானதுமில்லை. நாளைக்கு இருக்கட்டும் என்று சிலர் விடியற்காலம்வரை எடுத்து வைத்தார்கள். அது பூச்சி பிடித்து நாற்றமெடுத்தது. நாற்பது வருஷமாக, ஓய்வுநாள் தவிர, ஒவ்வொரு ராத்திரியும் வெறும் பாத்திரத்தோடு படுத்து, ஒவ்வொரு காலையும் வெளியே போய்ப் பொறுக்கிய ஜனம் அது. அவர்களுடைய பிள்ளைகளின் பிள்ளைகளுக்குத்தான் பின்னாளில் இயேசு, “எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்” என்று ஜெபிக்கக் கற்றுக்கொடுத்தார். கர்த்தருடைய ஜெபத்தை நாம் மூச்சுவிடாமல் சொல்லிப் பழகிவிட்டதால் அந்த ‘இன்று’ நம் காதில் விழுவதில்லை.

எனவே காலையில் எழுந்ததும் கைப்பேசியைத் தொடுவதற்கு முன்னால், கர்த்தருடைய ஜெபத்தை மெதுவாகச் சொல்லி, ‘இன்று’ என்ற இடத்தில் நிறுத்துங்கள். அங்கே இன்றைக்கு உண்மையில் தேவைப்படுவதைச் சொல்லிக் கேளுங்கள்: பதினொரு மணிக் கூட்டத்தில் கோபப்படாதிருக்கப் பொறுமை, மாமியாரை மருத்துவரிடம் கூட்டிப்போக ஆட்டோ, பிள்ளையின் கட்டணத்தைப் பற்றிப் பேசும்போது கூச்சப்படாத வாய். நாளைக்கானது மனதில் வந்தால், “அது நாளைய ஓமர்” என்று சொல்லி அப்புறம் வைத்துவிடுங்கள். நான் இதை முதலில் செய்தபோது சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றியது. மூன்றாவது வாரத்தில், மாதக் கடைசி நெருங்கியும் நான் இரவு இரண்டு மணிக்கு விழிக்காமல் தூங்கியிருந்தேன்.

அப்படியென்றால் சேமிக்கவே கூடாதா, சீட்டு கட்டக் கூடாதா, காப்பீடு எடுக்கக் கூடாதா என்று கேட்பார்கள். அதே அதிகாரத்தில் ஆறாம் நாளில் இரட்டிப்பாகச் சேர்க்கும்படி கட்டளை இருக்கிறது. அன்று எடுத்து வைத்தது கெட்டுப்போகவில்லை. யோசேப்பு எகிப்தில் ஏழு வருஷத் தானியத்தைச் சேர்த்து வைத்தார். திட்டமிடுவதற்கு என்று ஒரு நேரத்தை ஒதுக்கி, கணக்கு நோட்டைத் திறந்து, எழுதி, மூடி வைப்பது அன்றைய வேலைகளில் ஒன்று. நோட்டை மூடிய பிறகும் அதையே மனதில் உருட்டிக்கொண்டிருப்பதைத்தான் ஆண்டவர் கவலை என்கிறார். “அந்தந்த நாளுக்கு அதினதின் பாடு போதும்” என்று அதற்குத்தான் எல்லை போடுகிறார்.

பகலில் ஒரு வேலையோடு ஒரு ஜெபத்தைக் கட்டுங்கள்

பதினேழாம் நூற்றாண்டில் பாரிஸ் நகரத்துக் கார்மேல் மடம் ஒன்றில் சகோதரர் லாரன்ஸ் என்பவர் இருந்தார். போர்ச்சேவகராக இருந்து காயப்பட்டு, பின் துறவு மடத்தில் சேர்ந்தவர். அவருக்குக் கொடுக்கப்பட்டது சமையலறை வேலை. இயல்பாகவே அவருக்குப் பிடிக்காத வேலையும் அதுதான். பாத்திரங்கள் உருளும் சத்தத்துக்கும், ஒரே நேரத்தில் பல பேர் வந்து கேட்கும் கேள்விகளுக்கும் நடுவில், நற்கருணைக்கு முன் முழங்காற்படியிட்டிருப்பதைப் போலவே தேவனோடு இருக்க அவர் பழகினார். 1691இல் அவர் இறந்தபோது பெரிய பதவி எதிலும் இல்லை. ஆனாலும் இன்றுவரை உலகெங்கும் இருந்து ஜெபிக்க விரும்புகிறவர்கள் அந்தச் சமையலறைக்காரரிடம்தான் பாடம் கேட்கிறார்கள்.

புதியவர்கள் நாள் முழுவதையும் ஒரேயடியாக இப்படி மாற்ற முயல வேண்டாம். தினமும் தவறாமல் செய்யும் ஒரு வேலையை, அதுவும் கொஞ்சம் சலிப்பான வேலையைத் தேர்ந்தெடுங்கள். தோசைக்கல்லில் மாவை ஊற்றி மூடியைப் போடும் நேரம், வண்டியை மிதித்துக் கிளப்பும் நேரம், குழாயடியில் குடம் நிறையும் நேரம். அந்த நேரத்துக்கு ஒரு சிறு வாக்கியம்: “கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்; நான் தாழ்ச்சியடையேன்.” கண்ணை மூட வேண்டாம், தோசை தீய்ந்துவிடும். மாவின் ஓரம் பொன்னிறமாவதைப் பார்த்துக்கொண்டே சொல்லுங்கள். ஒரு மாதத்தில் அந்த வேலை தானாகவே உங்களுக்கு ஜெபத்தை நினைவூட்டத் தொடங்கும்.

இரவில் எழுதுங்கள்

இயேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியார் தம் சபையாருக்கு நாள்தோறும் ஆன்மசோதனை செய்யும் வழக்கத்தை விட்டுச்சென்றார். பாவத்தை எண்ணுவதற்கு முன்னால் பெற்ற நன்மைகளுக்கு நன்றி சொல்வதை அதன் முதல் பகுதியாக வைத்தார். நம் வீடுகளில் குடும்ப ஜெபத்தில் “சகல உபகாரங்களையும் மறவாதே” என்று 103ஆம் சங்கீதத்தை வாசிப்பதும் இதற்காகவே. ஆனால் உபகாரங்கள் ‘சகலமும்’ என்று மொத்தமாகச் சொல்லப்படும்போது ஒன்றும் நினைவில் நிற்பதில்லை. ஆகையால் ஒரு சிறிய நோட்டு வாங்கி, தேதி போட்டு, அன்று நடந்த மூன்று நன்மைகளை எழுதுங்கள். “ஆரோக்கியத்துக்காக ஸ்தோத்திரம்” என்று பொதுவாக எழுத வேண்டாம். யார், எங்கே, என்ன என்று எழுதுங்கள்.

அப்பா படுக்கையில் இருந்த மாதங்களில் நான் எழுதிய பக்கங்கள் இப்போதும் என்னிடம் உள்ளன. “லிஃப்ட் ஓடவில்லை. காவலாளி அண்ணன் அப்பாவின் பையையும் தண்ணீர்ப் பாட்டிலையும் நாலாவது மாடிவரை சுமந்து வந்தார்.” “பக்கத்துக் கட்டில் அம்மாவின் மகள் எனக்கும் சேர்த்து இட்லி வாங்கி வந்தாள்.” “அப்பா இன்று ரசம் கேட்டார்.” அப்பா பிழைக்கவில்லை. அந்தப் பக்கங்களில் இருப்பவை எதுவும் அதனால் பொய்யாகிவிடவும் இல்லை. “எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரஞ்செய்யுங்கள்” என்று பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதியதை நான் அந்த நோட்டில்தான் புரிந்துகொண்டேன்: அப்பாவின் நோய்க்காக நான் நன்றி சொல்ல வேண்டியதில்லை, நோயின் நடுவிலும் நன்றி சொல்ல ஏதாவது இருந்துகொண்டே இருந்தது. எழுத ஒன்றும் வராத இரவில் 13ஆம் சங்கீதத்தைப் போல, “எதுவரைக்கும் கர்த்தாவே” என்று எழுதிவிட்டுப் படுங்கள். அதுவும் வேதத்தில் உள்ள ஜெபம்தான்.

பக்கத்து வீட்டைப் பார்க்கும் கண்

மனரம்மியத்தை மிக விரைவாகக் கெடுப்பது ஒப்பீடு. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வரும் புதுவீட்டுப் பிரதிஷ்டை, வெளிநாட்டு விமான நிலையம், கல்யாணப் புடவை எல்லாம் ஐந்து நிமிடத்தில் ஒரு நாளின் நிறைவை அள்ளிக்கொண்டு போய்விடும். ஆலயத்திலும் இது நடக்கிறது என்பதை வருத்தத்தோடு சொல்கிறேன். சாட்சி நேரத்தில் கார் வாங்கினதும் விசா கிடைத்ததும் மட்டுமே சாட்சியாக ஒலித்தால், கிடைக்காமல் பின்வரிசையில் உட்கார்ந்திருப்பவர் தேவன் தன்னை மறந்துவிட்டார் என்றே நினைப்பார். கிடைக்காதபோதும் நிலைநின்றவர்களை எழுப்பிச் சாட்சி சொல்ல வைக்கும் போதகர்கள் பெருக வேண்டும்.

பேதுருவுக்கும் இந்தச் சோதனை வந்தது. உயிர்த்தெழுந்த ஆண்டவர் அவரிடம் அவருடைய முடிவைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போதே, அவர் திரும்பி யோவானைப் பார்த்து, “ஆண்டவரே, இவன் காரியம் என்ன” என்று கேட்டார். “உனக்கென்ன, நீ என்னைப் பின்பற்றிவா” என்று பதில் வந்தது. ஒருவருடைய நன்மையைக் கண்டு நெஞ்சில் முள் தைத்தால், அவருடைய பெயரைச் சொல்லி, அந்த நன்மை அவருக்கு நிலைக்கும்படி ஒரு வரியில் ஜெபித்துவிட்டுக் கைப்பேசியை வைத்துவிடுங்கள். முதல் சில தடவை உதடு மட்டுமே சொல்லும், சொல்லிக்கொண்டே வாருங்கள்.

ஒரு பிடியை எடுத்து வையுங்கள்

மன்னாவைப் பற்றிய அந்த வசனத்தைப் பவுல் மறுபடியும் எடுத்து எழுதும் இடம், கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் எட்டாம் அதிகாரம். அங்கே பேச்சு முழுவதும் எருசலேமில் வறுமைப்பட்டவர்களுக்குப் பணம் சேர்ப்பதைப் பற்றியது. போதும் என்று நினைக்கிறவரின் கை திறக்கும் என்பது அவருடைய எண்ணம். எனக்கோ அது மறுபக்கமாகவும் நடந்திருக்கிறது: கை திறந்த பிறகுதான் போதும் என்ற நினைப்பே வந்தது.

என் அம்மா உழக்கால் அளந்து அரிசியைப் பானையில் போட்டதும், அதிலிருந்து ஒரு பிடியைத் திரும்ப எடுத்து, அடுப்படித் திண்டில் இருந்த பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் போடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அது துணிப்பையில் கட்டப்பட்டு ஆலயத்துக்குப் போகும். பிடியரிசிக் காணிக்கை என்று எங்கள் பக்கத்துச் சபைகளில் சொல்வோம். மாதக் கடைசியில் பிடி சின்னதாகும். ஆனால் கை போகாமல் இருந்ததில்லை. பாட்டிலின் பாதிக்கு மேல் அரிசி ஏறி நிற்பதைப் பார்க்கும்போது, நம் வீட்டிலும் கொடுக்க இருக்கிறது என்ற நினைப்பு பிள்ளைகளாகிய எங்களுக்கு வரும். அந்த நினைப்பை வேறு எந்த வழியிலும் அம்மா எங்களுக்குத் தந்திருக்க முடியாது. உங்கள் வீட்டில் அரிசியாக இருக்க வேண்டியதில்லை. தினமும் பத்து ரூபாயை ஒரு டப்பாவில் போட்டு, மாதம் ஒருமுறை தேவையுள்ள ஒருவருக்குக் கொடுங்கள். மொத்தமாக மாதத்தில் ஒருநாள் எடுத்துக் கொடுப்பதைவிட இப்படி அன்றன்று எடுத்து வைப்பது நல்லது. பழக வேண்டியது கைதான்.

நிலைமை மாறாதபோது

இவ்வளவும் செய்தும் தாளில் எழுதிய எந்த வரியும் நிறைவேறாமல் ஆண்டுகள் ஓடலாம். திருநெல்வேலிச் சீமையில் டோனாவூரில் ஆதரவற்ற பிள்ளைகளை வளர்த்த ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1931இல் கீழே விழுந்து அடிபட்டார். அதன் பின் 1951இல் இறக்கும்வரை, ஏறத்தாழ இருபது ஆண்டுகள், பெரும்பாலும் தம் அறையிலேயே வலியோடு கிடந்தார். ஓடியாடி உழைத்த ஒருவருக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். அந்த அறையிலிருந்தே அவர் எழுதினார், பிள்ளைகளை அழைத்துப் பேசினார், ஜெபித்தார். தாயின் பால் மறந்த குழந்தையைப்போல் ஆத்துமாவை அடக்கி அமரப்பண்ணினேன் என்று 131ஆம் சங்கீதம் சொல்கிறதே, பால் மறக்கும் குழந்தை அழாமல் மறப்பதில்லை. சில இரவுகள் வீடே தூங்காது. பிறகு ஒருநாள் அது பாலைத் தேடாமல், தாய் என்பதற்காகவே தாயின் மடியில் வந்து உட்காரும். நிலைமை மாறாதவர்கள் இந்த மூன்று வசனச் சங்கீதத்தை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

கடைசியாக, எல்லோருக்கும் நேரும் ஒன்று. இரண்டாவது வாரத்தில் நோட்டு விட்டுப்போகும். நான்கு நாள், சில சமயம் நாற்பது நாள். விட்ட நாட்களை உட்கார்ந்து நிரப்ப முயலாதீர்கள்; நேற்றைய மன்னாவைப் பொறுக்க எவரையும் தேவன் அனுப்பவில்லை. இன்றைய தேதியைப் போட்டு, அதன் கீழே இன்று கிடைத்த ஒன்றை எழுதிவிட்டு, விளக்கை அணைத்துப் படுங்கள்.